கட்டிலில் கிடந்த ஜீவானந்தம்

ஜீவானந்தம் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அவன் கட்டிலில்தான் படுத்திருந்தான். காலையிலும் சாயங்காலமும் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சண்முகப்பிரியா மற்ற வேலைக்குப் போவாள்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கட்டில் திருச்செங்கோட்டில் இல்லை. இரண்டு நிலா காய்கிற வேறொரு கிரகத்தில், அவள் போனுக்குள் இருந்தது. விண்கலம் உடைந்து விழுந்து உயிர் பிழைத்தவர்கள் அங்கே மரம் வெட்டி, தாது தோண்டி, வீடு கட்டிக் காலம் தள்ள வேண்டும். அதுதான் விளையாட்டு. அவள் போனில் அதை ஏற்றிவிட்டவன் ஜீவானந்தம்தான். போர்க்கிணறு போடும் ரிக் லாரியில் அவன் டிரில்லர். ஒரு பொங்கலுக்கு வந்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் வருவான்.

"இதென்னங்க மாமா, சின்னப் பசங்களாட்ட?" என்று அவள் முதலில் சிரித்தாள்.

"உள்ள வந்துதான் பாரேம்புள்ள" என்றான்.

அவன் சத்தீஸ்கர் காட்டிலிருந்தும் அவள் திருச்செங்கோட்டுச் சமையலறையிலிருந்தும் உள்ளே வந்து, ஊதா நிற மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. கல்யாணமான பிறகு அவர்கள் அவ்வளவு தூரம் சேர்ந்து நடந்ததே இல்லை. அந்த மனுஷன் அங்கே போயும் குழிதான் தோண்டினான். ஊர் ஊராகப் போர் போட்டுத் திரிகிறவருக்கு விளையாட்டிலாவது வேறு பிழைப்பு தோன்றக் கூடாதா என்று அவள் கேலி செய்வாள். அவன் தோண்டிய தாதுவில்தான் சுவர் எழும்பியது. மாமியார் பூவாத்தாளோடு ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தவளுக்கு அங்கே இரண்டு அறை, கதவு, ஜன்னல், கட்டில்.

அந்த உலகத்தில் ஒரு சட்டம் உண்டு. விளையாட்டை மூடிவிட்டுப் போனாலும் ஆள் மறைவதில்லை. விட்ட இடத்திலேயே தூங்கிக் கிடப்பார். சுவருக்குக் கட்டையும் தாதுவும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் சுவர் உதிரும். ஆறுகால் நாய்கள் உள்ளே புகுந்து தூங்குகிறவரைக் கடித்துத் தின்றுவிடும்.

கடைசியாக அவன் கட்டிலில் படுத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்று மதியம், ரிக்கில் தூக்கிய இரும்பு ராடு சங்கிலி அறுந்து அவன்மேல் விழுந்தது. அவனுடைய சித்தப்பா மகன் தனபாலும் அதே வண்டியில் வேலை பார்த்தான். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, உடம்பு ஊர் வந்து சேராது என்று சொல்லி, அங்கேயே கொள்ளி வைத்துவிட்டு, ஒரு பானைச் சாம்பலும் ஒரு துணிப்பையுமாக அவன்தான் வந்து இறங்கினான்.

"அவரு போனெங்கீங்க தம்பி?" என்று சண்முகப்பிரியா கேட்டாள்.

"நசுங்கிப்போச்சுங்க அண்ணி" என்று தனபால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

போட்டோவை வைத்துக் காரியம் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் போட்டோவைப் பார்த்து அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. கடைசியாக ஒரு தரம் முகத்தைப் பார்க்க விடாத சாவு என்ன சாவு என்று ஆத்திரம்தான் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு விளையாட்டைத் திறந்தாள். அங்கே அவன் கிடந்தான். ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து, நெஞ்சு ஏறி இறங்க.

அன்றிலிருந்து அவனைக் காப்பது அவள் பொறுப்பாயிற்று. அம்மா வீட்டுக்குப் போன ஒரு தடவை அங்கே சிக்னல் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பின்சுவரில் பாதியைக் காணோம். ஓட்டைக்கு வெளியே நாய்கள் நின்றன. அவற்றை வெட்டித் துரத்தி முடிப்பதற்குள் இங்கே அடுப்பில் குழம்பு தீய்ந்து கரியாகிவிட்டது.

"எளவு உழுந்த ஊட்டுல எந்நேரமும் போனுங் கையுமா இருந்தா, பாக்கறவிய என்ன சொல்லுவாங்க?" என்றாள் பூவாத்தாள்.

"சொல்லீட்டுப் போறாங்க அத்தை" என்றாள் இவள். நீங்கள் பெற்ற மகனைத்தான் காவல் காக்கிறேன் என்று கிழவிக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அன்று சாயங்காலம் உலை வைத்துவிட்டு விளையாட்டைத் திறந்தாள். கட்டில் காலியாக இருந்தது. சுவர்கள் நான்கும் நன்றாகத்தான் இருந்தன. ஜீவானந்தம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். அவள் உள்ளே வந்த சத்தத்துக்குத் திரும்பினான்.

செத்தவன் வரமாட்டான் என்று தெரியாதவள் இல்லை. தெரிந்தும் விரல் தானாக எழுதியது.

"மாமா. சாப்ட்டீங்களா?"

பதில் வந்தது.

"சாப்ட்டன் புள்ள."

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க அண்ணி. நான் தனபாலுங்க."

போன் நசுங்கவே இல்லை. அத்தனை நாளும் அவனிடம்தான் இருந்திருக்கிறது. எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அன்னைக்குக் கொக்கி மாட்டுனது நாந்தானுங்க. சங்கிலி அறுகலீங்க. கொக்கி சரியா உழுகாமயே தூக்கச் சொல்லிப்புட்டன். இதை ஆருகிட்டயும் சொல்லலீங்க. அண்ணன் போனயும் குடுத்துட்டா அவரு நெனப்புக்கு எனக்கு ஒண்ணுமே இல்லீன்னு வெச்சுக்கிட்டனுங்க."

அவனே தொடர்ந்தான்.

"நீங்க தனியாக் கெடக்கறீங்க. நான் தெனமும் சாயங்காலம் வாரனுங்க. அண்ணனாட்டமே பேசறனுங்க. அண்ணன் எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

சரி என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? 'சாப்ட்டன் புள்ள' என்று தினம் ஒரு தரம் வந்தால் போதும், மிச்ச நாளை ஓட்டிவிடலாம். அப்படி நினைத்த தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. கொன்றவன் குரலில் புருஷனைக் கேட்பதா?

விளையாட்டுக்குள் மரம் வெட்டும் கோடரியை எடுத்தாள். முதல் வெட்டுக்கே ஓடிவிடுவான் என்று நினைத்தாள். அவன் கதவுப் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"அடிங்க அண்ணி" என்று எழுதினான்.

அடுத்த வெட்டில் மண்டியிட்டான். அதற்கடுத்ததில் மல்லாந்து விழுந்தான். முகம் மேலே பார்த்தபடி இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோய் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். அப்புறம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று மாதமாக வராத அழுகை. பூவாத்தாள் ஓடிவந்து, ஏன் எதற்கு என்று கேட்காமல், மருமகளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. போனை இயக்க ஆள் இருக்கிறவரைக்கும் அந்த உலகத்தில் யாரும் ஒரேயடியாகச் சாவதில்லை. செத்தவர் கடற்கரையில், கையில் ஆயுதம் இல்லாமல், வெறும் உடம்போடு கண் விழிப்பார். அழுகையில் அவள் அதை மறந்திருந்தாள்.

"கடக்கரைல எந்திரிச்சுட்டனுங்க அண்ணி. சுத்தியும் நாயிங்க. ஊட்டுக்கு வரட்டுங்களா?"

அவள் போனை எடுத்து, அந்த உலகத்து வீட்டின் கதவுக்கு உள்ளே தாழ் போட்டாள். "வராதீங்க" என்று எழுதினாள்.

அவன் வந்தான். ஜீவானந்தத்தின் முகத்தோடும் ஜீவானந்தத்தின் நடையோடும் ஓடிவந்து கதவைத் தட்டினான். பின்னாலேயே நாய்கள் வந்தன. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாழ் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கடைசி வரைக்கும் அவள் அதைத் தொடவில்லை. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் விசும்பிக்கொண்டிருந்த மாமியாருக்குத் தண்ணீர் மொண்டுவரப் போனாள்.