வழக்கில் பெயர் இல்லாதவர்கள்

விடிந்ததும் விடியாததுமாகப் பெண்கள் தெருமுனையில் கூடிவிட்டார்கள். ஒருத்தி வாளியில் சாணம் கரைத்தாள். இரண்டு பேர் பந்தலுக்குக் கீற்று இழுத்து வந்தார்கள். அம்சம் புது நினைவுக் கல்லைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் கல் திறப்பு விழா. கொல்லைமேட்டுத் தெருவின் குடிசைகள் டிராக்டருக்குத் தப்பிப் பன்னிரண்டு வருஷம் ஆயிருந்தது.

விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் அரசப்பன் பந்தல் வேலையைப் பார்க்க வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கல்லைப் பார்த்தான். அவன் பெயர் இரண்டாவதாக இருந்தது.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படியேன்" என்றாள் அம்சம். அவளுக்கு எழுத்து தெரியாது.

"மனை காத்த போராளிகள்" என்று தலைப்பைப் படித்தான் அரசப்பன். பிறகு பெயர்களைப் படித்தான். வீரையன், அரசப்பன், கண்ணுசாமி, காத்தான், இன்னும் இருவர் என்று ஆறு பேர். ஆறும் ஆண்கள். அம்சம் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினாள். ஆறாவது பெயர் முடிந்தும் அவள் நகரவில்லை.

"ரெங்கம்மா பேரு எங்க இருக்கு?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "கடைசி வரிலக்கா" என்றான். அதோடும் விடவில்லை. அவள் கையைப் பிடித்து, கல்லின் அடியில் நாளும் ஆண்டும் வெட்டியிருந்த வரியின்மேல் வைத்தான்.

அம்சம் அந்த எழுத்துகளை மெல்லத் தடவினாள். "நல்லாருப்ப தம்பி. நாளைக்குத் தமிழரசி வர்றா. அவ அம்மா பேர அவளே படிக்கட்டும்" என்றாள்.

அரசப்பன் பந்தல் வேலையைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்தான்.

ரெங்கம்மாள் அம்சத்தின் தங்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்குள் குடிசைகளை உழுது தள்ளிவிட வேண்டும் என்று மிராசுதார் டிராக்டரை அனுப்பினார். காவலுக்குப் போலீஸ் வேன் வந்தது. வேனைக் கண்டதும் சங்கத்து ஆண்கள் வெட்டாற்றைத் தாண்டி நாணல் புதருக்குள் ஓடினார்கள். முதலில் ஓடியவர்களில் அரசப்பனும் ஒருவன்.

நடவு வயலில் நின்ற பெண்கள் சேற்றுக் காலோடு வந்து டிராக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். தடியடி விழுந்தது. அம்சத்தின் இடது கை ஒடிந்தது. ரெங்கம்மாள் எழுந்திருக்கவே இல்லை. மண்டை உடைந்து ரத்தம் ஒழுக, டிராக்டர் சக்கரத்தின் முன்னால் படுத்துவிட்டாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போனான். அதன்பிறகு டிராக்டர் அந்தத் தெருவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ரெங்கம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். தகப்பனை முன்பே இழந்திருந்த அவளுடைய ஆறு வயது மகள் தமிழரசியை அம்சம்தான் வளர்த்தாள்.

போலீஸ் போட்ட வழக்கில் ஆறு ஆண்களின் பெயர்கள் இருந்தன. பெண்களை அடித்ததாக எழுதினால் தங்களுக்கு வம்பு என்று ஒரு பெண்ணின் பெயரையும் எழுதவில்லை. ஆறு பேரும் நாணலில் பிடிபட்டு நாற்பது நாள் சிறையில் இருந்தார்கள். வெளியே வந்தபோது கழுத்தில் மாலை விழுந்தது. மேடையும் கிடைத்தது. "நாங்க நெஞ்ச நிமித்தி நின்னோம்" என்று அரசப்பன் எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டான். பேசிப் பேசி அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான். கல்லுக்குப் பெயர் கேட்டபோது வழக்குக் காகிதத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

அன்று சாயங்காலம் சங்கத் தலைவர் வீரையனிடம் போனான். "அண்ணே, கல்லுல ரெங்கம்மா பேர விட்டுட்டோம்."

"இப்ப வந்து சொல்ற? பொம்பளைங்களுக்குத்தான் வரிசையா நாற்காலி போடச் சொல்லியிருக்கேனே. மேடையில ஒரு வார்த்தை சொல்லிக்கலாம், போ."

அங்கிருந்து அம்சத்தின் வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். அவள் உள்ளே ரெங்கம்மாளின் பழைய சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். "நாளைக்கு இதத்தான் தமிழரசி கட்டிக்கப் போறாளாம்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அரசப்பன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தான்.

மறுநாள் பந்தல் நிறைந்திருந்தது. கல்லை மூடியிருந்த துணி விலகியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியர் பயிற்சியில் படிக்கும் தமிழரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லிடம் வந்தாள். அம்சம் அவள் கையைப் பிடித்துக் கடைசி வரியைக் காட்டினாள்.

"இந்தா, உங்கம்மா."

தமிழரசி குனிந்து படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். "பெரியம்மா, இது தேதி. அம்மா பேரு இல்ல. கல்லுல எங்கயுமே இல்ல."

அம்சம் திரும்பி அரசப்பனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவன் கால்கள் தாமாக மேடைக்குப் போயின. பேச எழுந்த வீரையனின் முன்னாலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டான்.

"இந்தக் கல்லு பொய் சொல்லுது. எழுதிக் கொடுத்தவன் நான்" என்றான். "அன்னைக்கு நாங்க ஆறு பேரும் நாணல்ல ஒளிஞ்சிருந்தோம். டிராக்டர் முன்னாடி உக்காந்தது நம்ம வீட்டுப் பொம்பளைங்க. செத்தது ரெங்கம்மா. போலீஸு அவங்க பேர மறைச்சுது. அதே பட்டியலத்தான் நாம கல்லுல வெட்டியிருக்கோம். அவங்க ரத்தம் சிந்தி நின்னதுக்கு நாம பேரு வாங்கிட்டோம். பொம்பளைங்க செஞ்சத மறைச்சுட்டு எழுதுற சரித்திரம் சரித்திரமில்ல, திருட்டு."

"மானத்த வாங்காத, எறங்கு" என்று வீரையன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அம்சம் மேடை ஏறிவிட்டாள்.

"நீங்க ஓடுனது எங்களுக்கு அன்னைக்கே தெரியும். உசுருக்குப் பயப்படாதவன் யாரு? அத நாங்க ஒருநாளும் சொல்லிக் காட்டல" என்றாள் அரசப்பனிடம். "ஆனா எனக்கு எழுத்து தெரியாதுன்னு என் கையப் புடிச்சு, இல்லாத பேரத் தொட வச்ச பாரு. அது ஆறாது தம்பி."



அம்சம் கூட்டத்தைப் பார்த்தாள். "எங்களுக்கு மால வேணாம், நாற்காலி வேணாம். பொம்பளைங்க செஞ்சத பொம்பளைங்க செஞ்சாங்கன்னு சொல்லுங்க, எழுதுங்க. அதுதான் மரியாத."

கீழே தமிழரசி பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "அன்னைக்கு உக்காந்தவங்க பேரெல்லாம் சொல்லுங்க பெரியம்மா."

"குடும்மா, நான் எழுதுறேன்" என்று அரசப்பன் கை நீட்டினான்.

"வேணாம் மாமா. நானே எழுதிக்கிறேன்."

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். மறு கையிலிருந்த மைக்கை அம்சத்தின் வாயருகே பிடித்தபடி நின்றான்.

"மொதல்ல ரெங்கம்மா" என்று தொடங்கினாள் அவள்.