மேலிடம்

மனிதகுல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி: மலைத்தாவர ஆய்வு நிலையத்தின் நாலாவது மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்குச் சற்று முன்பு பனியுகம் தொடங்கியது. பொறிக்க ஆள் வரவில்லை. பிளம்பர் வந்தார், இது தன் வேலை இல்லை என்று போய்விட்டார்.

பனி தவழ்ந்து இறங்க, தொட்டிகளிலிருந்த குட்டைச் செடிகள் வேரைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடின. பாதி கிழக்குப் படிக்கட்டில், பாதி மேற்கில். பழைய பனியுகங்களில் மலைச்செடிகள் இப்படித்தான் கீழே இறங்கிப் பிழைத்தன என்று நிலையத்தின் ஆய்வாளர் எழுதியிருந்தாள். படிக்கட்டைப் பற்றி எழுதவில்லை. அவள் செடிகளோடு கிழக்கே இறங்கினாள். நிலையத்திலேயே கணக்கராக இருந்த அவள் கணவன் மேற்கே. பனி தெருவுக்கும் வந்து ஊரை இரண்டாகப் பிளந்து உட்கார்ந்துகொண்டது.

வருஷங்கள் போயின. கிழக்குச் செடி தரையோடு படுத்து வெள்ளையாகப் பூத்தது. மேற்குச் செடி உடம்பெல்லாம் ரோமம் வளர்த்து ஊதாவாகப் பூத்தது. அவள் சர்க்கரையில்லாத டீக்குப் பழகினாள். அவன் ரேடியோவோடு பேசப் பழகினான்.

பனி உருகியதும் முதல் வேலையாக வெள்ளையின் மகரந்தத்தை ஊதாவில் தடவிப் பார்த்தாள். ஒட்டவில்லை. வாசலில் கணவன் நின்றான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாடா, போடி என்று பேசிக்கொண்ட ஜோடி.

"நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கேங்க."

அதற்குமேல் எதையும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு செடியினம் இரண்டானது நிலையத்தின் சாதனை என்று இயக்குநர் கூட்டம் போட்டு அறிவித்தார். பிரிந்து போனதற்கு ஆய்வுக்கட்டுரையில் பன்மை என்று பெயர். இருவரும் வெவ்வேறு வரிசையிலிருந்து கைதட்டினார்கள்.

பிறகு வெயில் ஏறியது. செடிகள் குளிரைத் தேடி மாடி மாடியாக ஏறி மொட்டைமாடிக்கு வந்து நின்றன. இலை ஓரம் கருகியது. அவள் இயக்குநரைக் கூட்டிவந்து காட்டினாள்.

"சார், இதுங்க இன்னும் மேல போகணும். இங்க விட்டா செத்துடும்."

"மேலிடத்துல சொல்லியிருக்கேன்மா. பாத்துக்குவாங்க."

அவளுக்கு இது பழகிய வார்த்தை. செடிகளுக்குப் புதிது, நம்பிவிட்டன. மறுநாள் தண்ணீர்த் தொட்டி ஏணியில் வரிசை கட்டின. அவள் ஏணியைப் பிடித்தாள். கணவன் கேட்காமலே வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்தான்.

"விட்டுடாதீங்க," என்றாள்.

வெள்ளை ஒருபக்கம், ஊதா ஒருபக்கம், ஏறி முடித்துக் கடைசிப் படியில் காத்திருந்தன.

மேலிடம் என்று ஒன்று இல்லை.