ஆபீசர் போகும்வரை

அப்பாதுரையை ஜீப்பிலிருந்து இறக்கி வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைக்கக் குனிந்த ஆதிலட்சுமி புருஷனின் சட்டையைப் பார்த்துவிட்டாள். காக்கிச் சட்டைதான், ஆனால் அவருடையதில்லை, தோள் தொங்கியது. அவருடைய இரண்டு செட் காக்கியையும் காலையில்தான் துவைத்துக் கொல்லைக் கொடியில் போட்டிருந்தாள். இன்று லீவு, சந்தையில் மாடு பார்க்கப் போகிறேன் என்று வேட்டியோடு கிளம்பின மனுஷன் அவர்.

துக்கத்துக்கு முன்னால் சந்தேகம் வந்து நின்றது. அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

அவரோடு ஃபயர் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் வண்டி டிரைவர் ராமதாஸைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

“யார் சட்டைங்க அது?”

“என்னுதுதான் அண்ணி. கீழ்பென்னாத்தூர்ல ஒரு கூரை வூடு பத்திக்கிச்சு. எங்க வண்டி போறதுக்குள்ள இவரு உள்ள பூந்துட்டாரு, புகையில மூச்சு முட்டிப் போச்சு. லீவுல செத்தாருன்னா பென்ஷன் கம்மி. மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கினு என்னா பண்ணுவீங்க? டியூட்டின்னா ஜாஸ்தி வரும். வேலூர்லேர்ந்து ஆபீசர் வராரு. ஸ்டேஷன்ல நாங்க பாத்துக்கறோம், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

“சந்தைக்குப் போறேன்னவரு அங்க எதுக்குப் போனாரு? யார் வூடு அது?”

ராமதாஸ் கொடியிலிருந்த காக்கிச் சட்டைகளை ஆபீசர் கண்ணில் படாதபடி அவசரமாக உருவிச் சுருட்டினார்.

“அத இப்ப கேக்காதீங்க அண்ணி.”

பின்னே எப்போது கேட்பதாம்? பென்ஷன் வேண்டுமென்றால் இனி எப்போதுமே கேட்க முடியாது. அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

சாவு வீட்டுக்கு எந்தப் பெண் வந்தாலும் செத்தவன் பெண்டாட்டி கட்டிக்கொண்டுதான் அழ வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அப்புறம் வந்தவள் முன்பின் தெரியாதவள். தலைமுடி பொசுங்கி நாறியது. ஒப்பாரி வைக்கவில்லை. ஆதிலட்சுமியின் தோளில் விழுந்து குரலே வராமல் குலுங்கினாள். யாரோ ஒருவர் சாவுக்கு யாரும் இப்படி அழுவதில்லை.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் வந்து நின்றார்.

“டியூட்டிக்குப் போறப்ப நல்லாத்தானே இருந்தாரும்மா?”

“நல்லாத்தான் போனாருங்க.”

“இவங்க யாரு?”

வந்தவள் தலையைத் தூக்கி வாயைத் திறந்தாள். ஆதிலட்சுமி அந்த முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அழுத்தினாள்.

“என் தங்கச்சிங்க. கூடப் பொறந்தவ.”

ஆபீசர் தொப்பியைக் கழற்றி அப்பாதுரையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜீப் தெருவைத் தாண்டியது. அடுத்து அழ வந்தவர்கள் இருவரையும் பிரித்துவிடப் பார்த்தார்கள். ஆதிலட்சுமி பிடியை விடவில்லை.

“உன் பேரு என்னா?” என்று வந்தவளின் காதோடு கேட்டாள்.