ஒரு வருடம் தொடாத பொருள்

என் மகன் வசந்தனுக்குப் பொருள் என்றாலே ஆகாது. சிங்கப்பூரில் அலுவலகங்களுக்கு உள்ளலங்காரம் வரைந்து கொடுக்கும் வேலை. வாரம் முழுக்க அங்கே. வார இறுதியில் எல்லை தாண்டி ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வருவான். போன வருடம் ஒரு நாள் வந்தவன், தோள்பையைக்கூட இறக்காமல் நாலு சுவரையும் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வீட்டுல மூச்சு விட எடமே இல்லம்மா" என்றான். முப்பத்து நாலு வருடம் இதே வீட்டில் மூச்சு விட்டுத்தானே வளர்ந்தான், கடன்காரன்.

அந்த நோய்க்கு மினிமலிசம் என்று பெயராம். பொருள் குறைந்தால் மனசு நிறையுமாம். நான் காஹாங் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். ஒரே அறை, ஒரே சட்டி, எனக்கு இரண்டு பாவாடை, மொத்தம் ஏழு பேர். சுவரில் ஒன்றுமே மாட்டியிருக்காது, மாட்ட ஒன்றும் இருந்ததில்லை. அப்போது எந்த மகராசனும் வந்து படம் பிடித்து, ஆகா என்ன அழகு என்று சொல்லவில்லை. எங்களுக்கு அதன் பெயர் இல்லாமை.

"ஒரு வருஷம் தொடாத பொருள் வீட்டுல இருக்கக் கூடாதும்மா. அதான் ரூல்" என்று ஆரம்பித்தான். சுவரெல்லாம் வெள்ளை. அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது; எங்கே அமுக்கினால் திறக்கும் என்று நான் பத்து இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். சாமி மேடையில் பதினான்கு படங்கள் இருந்தன. ஒரே ஒரு முருகன் மிஞ்சினார். "மத்தவங்கல்லாம் கண்ணுக்கு எரைச்சல்மா" என்றான். பிள்ளையாரைப் பார்த்து எரைச்சல் என்று சொன்ன வாய் அது. ஆயர் ஈத்தாம் பீங்கான் கடையில் ஒரு வெள்ளை ஜாடி வாங்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தான். "பூ வெக்கலையாடா?" என்றேன். "வெக்கக் கூடாதும்மா, அந்த வெறுமைதான் அழகு" என்றான். வெறும் ஜாடிக்குத் தினமும் தூசி துடைப்பது யார்? நான்தான்.

மருமகள் சாந்தினி பள்ளிக்கூட ஆசிரியை, வாய் பேசமாட்டாள். ஆனால் இட்லிச் சட்டியையும் முறுக்குக் குழலையும் தன் காரின் பின்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள். அவன் சிங்கப்பூர் கிளம்பியதும் இட்லிச் சட்டி வீட்டுக்குள் வரும். அவன் திரும்பி வருவதற்குள் காருக்குப் போய்விடும். திருடிகள்போல இட்லி அவித்தோம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் பிஸ்கட் டின்னில் அவன் கை வைக்காமல் இருந்திருந்தால்.

என் ஐசி, அதான் அடையாள அட்டை, சிவப்பு. இந்த நாட்டுக் குடிமக்களுக்கு நீலம். இங்கேயே இருந்துகொள், ஆனால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்பவளுக்குச் சிவப்பு. இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்திய வருடம், ஐம்பத்தாறில் பிறந்தேன். குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கள் என்று அப்பாவிடம் யார் சொன்னாலும், "கிராணி பாத்துக்குவாரு" என்பார். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிக்கு ஆயிரம் சோலி, அவர் எங்கே பார்த்தார்? ஜொகூரைத் தாண்டி நான் எங்கும் வாழ்ந்ததில்லை. முப்பது வருடம் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. தேர்தல் வந்தால் என் வீட்டுக்காரரும் மகனும் விரலில் மையோடு திரும்பி வருவார்கள், நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பேன். உள்ளுக்குள் அழுகையாக வரும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த டின்னில் இருந்தது என் பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் வேலை அட்டை, நான் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன் என்று பழைய மேனேஜர் கையெழுத்திட்ட கடிதம். அலைந்து அலைந்து பதினோரு வருடத்தில் சேர்த்தது. மேனேஜர் செத்துப் போனார். தோட்டமும் கைமாறி, ரப்பர் மரம் போய்ச் செம்பனை ஆகிவிட்டது. விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன்.

காஹாங்கில் என் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போய்த் திரும்பினால், டின்னைக் காணோம்.

"எங்கடா என் பேப்பரெல்லாம்?"

"பத்திரமா இருக்கும்மா. எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டேன். பயப்படாதீங்கலா."

படித்த பிள்ளை, நம்பினேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவு இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. மூலப் பத்திரங்களோடு நேரில் வரவேண்டும். வசந்தன் லீவு போட்டு என்னைக் கூட்டிப் போனான். "எல்லாம் எடுத்துக்கிட்டியாடா?" என்று காரில் மூன்று முறை கேட்டேன். "இருக்கும்மா, இருக்கு."

கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண், நல்ல பிள்ளை. கேட்டதற்கெல்லாம் மலாயில் டாண் டாண் என்று பதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "யாங் அசால் மானா, மக்சீக்?" என்றாள். மூலப் பத்திரம் எங்கே அத்தை என்று கேட்கிறாள். நான் மகனைப் பார்த்தேன். அவன் பெருமையாக டேப்லெட்டை எடுத்து நீட்டினான். என் பிறப்புப் பத்திரம் அதில் பளபளவென்று தெரிந்தது. மடிப்பையும் கறையையும்கூட நீக்கி வைத்திருந்தான், பாவி.

அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அழகா இருக்கு. ஆனா இது படம்" என்றாள் மலாயில். "தாள் எங்கே?"

"ரீசைக்கிள் பண்ணிட்டேன்" என்றான்.

அலமாக், ஐயோ! அந்தப் பெண்ணுக்கே முகம் விழுந்துவிட்டது. மூலம் கிடைத்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கொடுத்த இடங்களிலேயே உறுதி செய்த நகல் வாங்கி வாருங்கள் என்று ஒரு மாதத் தவணை கொடுத்தாள். வெளியே வந்ததும் வசந்தன் பழைய பேப்பர் கடைக்குப் போன் போட்டான். அந்தத் தாளெல்லாம் எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டதாம்.

வீட்டுக்கு வந்ததும் அவன்தான் ஆரம்பித்தான். "சாரிம்மா. ஒரு வருஷமா நீங்க அத தொடவே இல்ல, அதான்... இமெயில் போட்டுப் பாக்கறேன்மா. இன்னிக்கு நைட்டுக்குள்ள நான் சிங்கப்பூர் போய்ச் சேரணும்."

"போலாம். பாஸ்போர்ட்ட எடு" என்றேன்.

ஏதோ பார்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தான். வாங்கி என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

"அம்மா! என்னம்மா இது?"

"படம் புடிச்சு வெச்சிருப்பல்ல? அதக் காட்டிட்டுப் போடா. நல்லா துடைச்சு, கறையில்லாம காட்டு."

"அதெப்படிம்மா? பார்டர்ல போன்ல கியூஆர் காட்டினாக்கூட பாஸ்போர்ட் கையில இருக்கணும்மா. வெளையாடாதீங்க, குடுங்க."

"காஹாங் போ. சாட்சி சொல்ல அந்தப் பழைய கிராணி மகன் யாராச்சும் இருக்கானா தேடு. பள்ளிக்கூடத்துல போய் நில்லு. ஆஸ்பத்திரிப் பதிவப் பாரு. நான் பதினோரு வருஷம் அலைஞ்சேன், நீ ஒரு மாசம் அலை. நகல் என் கைக்கு வரட்டும், இது உன் கைக்கு வரும்."

சாந்தினி பக்கம் திரும்பினான். அவள் காரிலிருந்து இட்லிச் சட்டியை எடுத்துவந்து, அவன் கண் முன்னாலேயே அடுப்பில் ஏற்றினாள்.

வசந்தன் தான் வாங்கிப் போட்ட முதுகில்லாத சோபாவில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, உங்களுக்குப் புரியல. அது இல்லாட்டி பார்டர்ல என்னைய யாரும் ஒரு ஆளாவே மதிக்கமாட்டாங்கம்மா."

"அறுபத்தெட்டு வருஷமா எனக்கு இங்கயே அப்படித்தான்டா" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, முதலாளிக்கு ஒரு வாரம் லீவு கேட்டு எழுதினான்.