நிழற்குடையில் ஒரு முகம்

காரை விட்டு இறங்குவதற்கு முன் வெர்னீஸ் ஹாலிஸ் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே, "என் பேரு கார்லா. பல் டாக்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன்" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். வெளியே பிப்ரவரிப் பனி, தெருவோரமெல்லாம் அழுக்குக் குவியலாகக் கிடந்தது.

இது அவள் வேலையே இல்லை. நகராட்சியின் மக்கள் உரிமைத் துறையில் அவள் வேலை பேசுவது. நூலகம், சர்ச் கூடம், துணி துவைக்கும் கடை என்று ஆள் கூடும் இடமெல்லாம் போய், "நிறத்தைப் பாத்து, பேச்சைப் பாத்து, குழந்தைங்க இருக்குன்னு பாத்து உங்களுக்கு யாராவது வீடு இல்ல, வேலை இல்லன்னு சொன்னா எங்ககிட்ட வாங்க" என்று சொல்லிவிட்டு வருவாள். ஆறு வருடமாக அதுதான் பிழைப்பு. வாடகைக்கு வீடு கேட்பதுபோல் போய் வேவு பார்ப்பதற்கென்று வேறு ஆட்கள் உண்டு. அதில் ஒரு பெண் பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், விசாரணைப் பிரிவுத் தலைவி இங்கிரிட் சோலம் இவளைப் பிடித்துவிட்டாள்.

"ஊர்ல பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியும் இங்கிரிட்."

"நீ பேச ஆரம்பிச்சாலே பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பிச்சுடறாங்க. மூஞ்சியா ஞாபகம் இருக்கப்போகுது? போய்ட்டு வா தாயே."

வேலை சிக்கலானதல்ல. ஆல்டர் தெருவில் இருந்த அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குக் காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு இரண்டாம் மாடி வீட்டைத் திறந்து காட்டி, ஒண்ணாம் தேதியே குடிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது கறுப்பினத்துப் பெண்ணான வெர்னீஸ் போய் அதே வீட்டைக் கேட்க வேண்டும். என்ன பதில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டடத்தின் மேனேஜர் டேல் ரஸ்க் ஆள் ஆஜானுபாகு. ஆனால் குரல் பஞ்சு மாதிரி. "உள்ள வாங்கம்மா, வெளிய குளிர் ஆளைக் கொல்லுது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், காபி வேண்டுமா என்று கேட்டார். கடுகடுவென்று இருந்திருந்தால்கூட வெர்னீஸுக்கு இத்தனை பதற்றம் இருந்திருக்காது. அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"அடடா, கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா? இன்னிக்கு மத்தியானம்தான் அந்த வீடு போச்சு."

அதே நேரம் துடைப்பமும் வாளியுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். வெர்னீஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வெர்னீஸுக்கும் அவளை அடையாளம் தெரிந்தது. சோய்லா குவாமான், ஈக்வடாரிலிருந்து வந்தவள். போன இலையுதிர்காலத்தில் துணி துவைக்கும் கடையில் வெர்னீஸ் பேசியபோது, சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டே கேள்வி கேட்ட ஒரே ஆள். நோட்டீஸை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டவள்.

"என்ன சோய்லா, தெரிஞ்சவங்களா?" என்றார் டேல்.

வாளியிலிருந்த தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெர்னீஸ் அதையே பார்த்தாள்.

"இல்லீங்க. எங்க சர்ச்சுல பாடற அம்மா மாதிரி இருந்தாங்க."

டேல் சிரித்தார். "பாடுவீங்களா கார்லா?"

"குளிக்கறப்ப மட்டும்" என்று எப்படியோ சொல்லிவிட்டு வெர்னீஸ் எழுந்தாள்.

காருக்குப் போகும் வழியில், கட்டடத்தின் பின்புறக் குப்பைத் தொட்டி அருகே சோய்லா நின்றிருந்தாள். கையில் குப்பைப் பை. குனிந்த தலை நிமிரவில்லை.

"ஏம்மா இங்க வந்தீங்க? வராதீங்க."

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே சோய்லா."

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லல. நாங்க கீழ்த்தளத்துல குடியிருக்கோம். இந்த வேலை போனா வீடும் போச்சு. என் வீட்டுக்காரர் செகுண்டோவோட குடியேற்றப் பேப்பர் வேற இன்னும் முடியல." பையைத் தொட்டிக்குள் எறிந்தாள். "அந்த வீடு போகல. யாருக்கும் கொடுக்கல. போன் வந்தா என்னைத்தான் எடுக்கச் சொல்வாரு. குரலைக் கேட்டு, கறுப்பு ஆளுங்கன்னு தெரிஞ்சா வீடு இல்லன்னு சொல்லணும். நான்தான் சொல்றேன். என் வாயாலதான்."

"இதை..."

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நடந்ததைக் கேட்டு இங்கிரிட் மேசையைத் தட்டினாள். "இது மட்டும் போதாது. காலைல காலியா இருந்துச்சு, மத்தியானம் ஒருத்தர் எடுத்துட்டாருன்னு அவங்க வக்கீல் கதை கட்டுவாரு. உள்ளயிருந்து ஒரு ஆள் பேசணும்."

"ஆள் இருக்கு."

"யாரு?"

"சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன்."

வெர்னீஸ் உண்மையில் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. சோய்லா அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டாள். ஆனாலும் இங்கிரிட் எத்தனை முறை கேட்டும் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. பெயரைச் சொன்னால் சம்மன் போகும். சம்மன் போனால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும்.

இப்படியே நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுவரொட்டி வந்தது. துறையின் விளம்பரப் பிரிவு, வெர்னீஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போன கோடையில் பூங்காவில் எடுத்த அவள் படத்தைப் பெரிதாக்கி ஊரிலுள்ள பஸ் நிழற்குடைகளிலெல்லாம் மாட்டிவிட்டது. "வீடு இல்லைன்னு சொல்லிட்டாங்களா? எங்ககிட்ட வாங்க" என்று கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. யாரோ வாழ்த்துச் சொல்லப் போய்த்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. ஆல்டர் தெருக் கட்டடத்துக்கு எதிரிலேயே ஒரு நிழற்குடை இருப்பது உடனே நினைவுக்கு வந்தது.

ஆல்டர் தெருவில் காரை எங்கே நிறுத்தினோம் என்பதுகூடத் தெரியாமல் ஓடினாள். ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது அவள் முகம். கண்ணாடிக்குப் பின்னால், பூட்டுப் போட்ட சட்டத்துக்குள். இங்கிரிட்டுக்குப் போன் போட்டாள்.

"இதை உடனே எடுக்கச் சொல்லு."

"ஊர் பூரா இருக்கே வெர்னீஸ்."

"இது ஒண்ணை மட்டுமாவது எடுக்கச் சொல்லேன்!"

"ஆள் வர நாளைக்கு ஆயிடும். ஏன், நீ பேரு சொல்ல மாட்டேன்ன அந்த ஆளு அங்கதான் இருக்காரா?"

வெர்னீஸ் போனை வைத்துவிட்டுக் கீழே கிடந்த பனியை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணாடியில் தன் முகத்தின் மேல் அப்பினாள். அது நிற்காமல் வழிந்தது. முதலில் நெற்றி தெரிந்தது, அப்புறம் கண். மறுபடி அள்ளி அப்பினாள். பஸ்ஸுக்காக நின்ற ஒருவர் நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

"நல்லா வந்திருக்கு படம்."

டேல் ரஸ்க் நடைபாதைக்குப் போடும் உப்பு வாளியோடு பின்னால் நின்றிருந்தார். குரல் அதே பஞ்சுக் குரல்.

"பல்லெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. பல் டாக்டர் ஆபீஸ்ல வேலைன்னா சும்மாவா?"

வெர்னீஸ் கையிலிருந்த பனியைக் கீழே போட்டாள். கை விறைத்துப்போயிருந்தது.

"அன்னிக்கு சோய்லாகிட்ட தெரிஞ்சவங்களான்னு கேட்டேன். தெரியாதுன்னா. எதுத்தாப்பல நின்னு பொய் சொல்றவங்களை எனக்குப் பிடிக்காதும்மா."

"அவங்களுக்கு என்னை நிஜமாவே தெரியாது."

"சரி சரி" என்றார் அவர், குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல. உப்பைத் தூவியபடியே தெருவைத் தாண்டிப் போனார்.

ஓடிப்போய்க் கீழ்த்தளக் கதவைத் தட்டி எச்சரிக்க வேண்டும் போலிருந்தது வெர்னீஸுக்கு. தட்டினால் அதுவே டேலுக்குச் சாட்சியாகிவிடும். சோய்லாவின் போன் நம்பர் அவளிடம் இல்லை. அவள் நம்பர்தான் சோய்லாவிடம் இருக்கிறது, அந்த நோட்டீஸை இன்னும் தூக்கி எறியாமல் இருந்தால். வழியில்லாமல் ஆபீஸுக்குத் திரும்பிப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். தேவாலய விருந்துக்கு அழைப்பு, மேயர் அலுவலகத்திலிருந்து ஒரு சந்தேகம், தப்பாக வந்த நம்பர். இப்போதாவது இங்கிரிட்டிடம் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தப் பெண்மேல் கை வைக்காதே என்று துறை டேலுக்கு எச்சரிக்கை அனுப்பலாம். ஆனால் டேலுக்கு வெறும் சந்தேகம்தான் இருந்தால், அதை உறுதி செய்வதும் அந்த எச்சரிக்கைதான். இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

மறுநாள் போன் வந்தது. பேசியது சோய்லாவின் கணவன் செகுண்டோ.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமாம். கட்டிலைக்கூட வெளிய எடுத்துப் போட்டுட்டாங்க. நீங்கதானே இதுக்குக் காரணம்?"

"ஆமாங்க" என்றாள் வெர்னீஸ். வேறு என்ன சொல்வது?

பின்னால் ஸ்பானிஷில் ஏதோ சண்டை கேட்டது. பிறகு சோய்லாவின் குரல்.

"நாளைக்கு நான் வரேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். இனிமே ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது?" செகுண்டோவை அதட்டிச் சும்மா இருக்கச் சொன்னாள். "சொன்னா நாங்க தெருவுக்கு வராம இருப்போமா? மேடைல பேசற மாதிரி பேசாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க."

"சாட்சி சொல்றவங்களைத் துரத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நீதிபதிகிட்ட போவோம். தடை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். செகுண்டோ பேப்பரைப் பத்தி எங்க துறை கேக்காது, யாருக்கும் சொல்லாது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சோய்லா."

"சரி" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சோய்லா வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இங்கிரிட்டின் எதிரில் உட்கார்ந்து பேசினாள். எத்தனை போன், என்ன சொல்லச் சொன்னார் என்று எல்லாம் சொன்னாள். அழவில்லை. ஒரே இடத்தில் மட்டும் பேச்சு நின்றது.

"ஒரு பொண்ணு பேசினா. பின்னால குழந்தை அழுதுட்டே இருந்துச்சு. வீடு இல்லம்மான்னேன். ரொம்ப நன்றின்னு சொன்னா. திட்டியிருந்தா பரவாயில்ல."

இங்கிரிட் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பெனியின் வக்கீல், வேலை சரியில்லாததால்தான் சோய்லாவை நீக்கினோம் என்றார். டேல் ரஸ்க் முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வழக்கு முடியும்வரை அந்தக் குடும்பத்தை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவானது. இங்கிரிட் வெர்னீஸின் தோளைப் பிடித்து அழுத்தினாள். சோய்லாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்போ இன்னிக்கும் அங்கதான் போய்ப் படுக்கணுமா? அவர் மேல, நாங்க கீழயா?"

"ஆமா."

"சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கே."

வெர்னீஸ் அன்றே ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தாள். செகுண்டோ அதை வாங்கிக்கொண்டான். அந்த வசந்தகாலம் முழுவதும் இரவில் உள்ளே தாழ்ப்பாள் போட்டு, அதற்கு மேல் மேசையையும் நகர்த்தி வைத்துத்தான் அவர்கள் தூங்கினார்கள்.

கோடையில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. மேனேஜரை மாற்றினார்கள். காலி வீட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும், துறை எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தது. ஆனால் சோய்லா அங்கே இருக்க விரும்பவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் மாடியைப் பிடித்துவிட்டாள்.

வீடு மாறும் அன்று வெர்னீஸ் கூப்பிடாமலே போனாள். படிக்கட்டில் மெத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செகுண்டோ அவளைப் பார்த்தான், மறுமுனையைக் கண்ணால் காட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக ஏற்றினார்கள். மேலே சோய்லா சமையலறை அலமாரியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அப்போது கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. சோய்லாவின் கை அப்படியே நின்றது.

"ஊர் பூரா உங்க படம் இருந்துச்சே. அந்தம்மாவுக்கு நீங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சாலும் என்ன சோய்லா? அவங்க நல்லவங்களா இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் சோய்லா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா இப்ப வேண்டாம். பின்பக்கப் படி இருக்கு. அந்த வழியாப் போயிடுங்கம்மா" என்றாள்.

வெர்னீஸ் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கப் படியில் சத்தமில்லாமல் இறங்கினாள்.