பதினோராம் பக்கத்து எச்சரிக்கை

ஒரு கையேட்டை நாலாம் பக்கம் வரை படித்து முடிப்பதற்குள் ஒரு மனிதருக்குத் தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் வெள்ளைவெளேரென்று நரைத்துப்போனது. நம்பாவிட்டால் போங்கள்.

மாவு பிசையும் இயந்திரம் செய்கிற கம்பெனி அது. அதற்குக் கையேடு எழுதுகிறவள் கேட்டது ஒரே ஒரு வரிக்கு முதல் பக்கத்தில் இடம்: சுவிட்சை அணைத்தாலும் சுற்று நிற்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் மாவு பீய்ச்சியடித்துக் கண்ணில் அப்பும். சோதித்துப் பார்க்க வாங்கிப்போன பேக்கரிக்காரர் இன்னும் கண்ணில் கட்டோடு திரிகிறார். மறுநாள் சரக்கு லாரி ஏறுகிறது.

கையேட்டில் எது எந்தப் பக்கம் வரவேண்டும் என்ற டெம்ப்ளேட்டைக் காக்கும் அதிகாரி மசியவில்லை. ஆபீஸில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர்; வீட்டில் சோற்றையும் கட்டம் போட்டுத்தான் சாப்பிடுவாராம். முதலில் நோக்கம், அப்புறம் வரையறை, எச்சரிக்கைக்குப் பதினோராம் பக்கம். மாவுக்கு வரையறை கேட்டார். 'மாவு என்றால் மாவு' என்று எழுதி அனுப்பினாள். மூன்று வரியாவது வேண்டும் என்று திரும்பி வந்தது.

"பதினொண்ணாம் பக்கம் வரைக்கும் யாரு சார் படிப்பா? கண்ணு போயிடும் சார்."

"படிக்காம எவன்மா மூடியைத் திறப்பான்?"

"நாலாம் பக்கத்துல 'மூடியைத் திறந்து பதம் பார்க்கவும்'னு நாமளே எழுதியிருக்கோமே."

"டெம்ப்ளேட் என்ன உன் மாமியாரா, சும்மா குத்தம் சொல்லிட்டே இருக்க?"

"மாமியாரா இருந்தா சமாளிச்சுடுவேன் சார்."

கட்டத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தானே இயந்திரத்தை ஓட்டிக்காட்டக் கையேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோதனை அறைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"முழுசா படிச்சுட்டுத் தொடுங்க சார்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

நோக்கத்தை ராகம் போட்டுப் படித்தார். மாவின் வரையறைக்குத் தலையாட்டி ரசித்தார். நாலாம் பக்கம் வந்தது. மாவைக் கொட்டினார், சுவிட்சைப் போட்டார், அணைத்தார். அவள் "சார்" என்பதற்குள் மூடியைத் திறந்தார்.

அறைக்குள் மேகமே இறங்கியது. அது கலைந்தபோது நூறு வயதுக் கிழவர் ஒருவர் அங்கே இருமிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மட்டும் இல்லையென்றால் அவருக்கும் கட்டுத்தான்.

"மெஷின்ல கோளாறு" என்றார். வாயிலிருந்து மாவு புகைந்தது.

அவள் பதினோராம் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"முதல் பக்கத்துல போட்டுடு."

"டெம்ப்ளேட் சார்?"

"போடுங்கறேன்ல." மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டார். குரல் இறங்கியது. "படிக்காமத்தான்மா திறந்தேன்."