மூன்று படிகளுக்கு ஒரு நீலம்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. ஒரு மனிதரிடமிருந்து வந்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் அந்த மனிதரின் முகம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. சொல் மறக்கவில்லை.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1984இல், எங்கள் தீவில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய பங்களா ஒன்றின் பின்புறத்து நீச்சல் குளத்தைப் புதுப்பித்தார்கள். குளத்தில் இறங்கும் மூன்று படிகளுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தவள் நான். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துபோயிருந்த வீட்டுக்காரர், குளம் நிறைந்த ஒன்பதாம் நாள் இரண்டாவது படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நான்கு மாதத்தில் இறந்துபோனார்.

அந்த டைல்ஸ் அங்கே வந்ததற்கு ஒரு சொல்தான் காரணம் என்று அவர் மனைவி இன்றுவரை நம்புகிறார். தான் சொன்ன சொல். [இங்கே இன்னொரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

'வற்றிய குளத்தின் அடியில் ஒரு தவளை...' (தவளை எதுவும் இருக்கவில்லை.)

'வக்கீல் அம்பிகைபாகன் தினமும் காலையில் நாற்பது தடவை நீந்துவார்...' (நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டது.)

'நீலத்தில் எத்தனையோ...' (அழகாக வந்துவிடும். வேண்டாம்.)

2

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. டத்தோ கெராமட் சாலையில் ஒரு சீனர் நடத்திய டைல்ஸ் கடையில் வேலை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அம்மாவோடும் இரண்டு தங்கைகளோடும் வீடு. கடைக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்கு மாதிரி அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்க் காட்ட வேண்டும். அட்டையின் விளிம்பு இடித்து இடித்து என் இடது முழங்காலில் எப்போதும் ஒரு கன்றல் இருக்கும்.

அந்த வீட்டுக்காரரான வக்கீலின் மனைவி யோகலட்சுமி, இருபத்தெட்டு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும்.

முதல் நாள் நான் போனபோது குளத்தை வடித்திருந்தார்கள். யாரோ வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய குளம். பூச்சு மஞ்சளித்து, அடியில் தீவுத் தீவாகக் கறை. உள்ளே, அக்கரையில் பத்து காவான் என்ற எஸ்டேட்டிலிருந்து ஃபெரி பிடித்து வந்த அய்யாக்கண்ணு, சுத்தியல் கட்டையால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கொண்டிருந்தார். பூச்சு வேலை, டைல்ஸ் வேலை இரண்டும் அவர் பொறுப்பு.

"கேட்டீங்களா டீச்சர், இங்க கணீர்ங்குது. இங்க பாருங்க, டொக்கு. உள்ள காத்து. பூரா ஒடச்சு எடுக்கணும்லா. இது மேலயே பூசுனா ஆறு மாசத்துல உரிஞ்சிரும்."

"உடையுங்கோ. உடைக்க வேண்டியதை உடைக்கத்தானே வேணும்."

"பூச்சு வெள்ளையா, சாம்பலா? வெள்ளச் சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்து போட்டா அடி பளிச்சுனு தெரியும். அழுக்கும் சேத்துத் தெரியும், அப்புறம் என்னய திட்டக்கூடாது."

"வெள்ளை. அடி தெரியோணும். இவற்ற கால் எங்க நிக்குதெண்டு நான் மேல நிண்டு பாக்கோணும்."

பூச்சு அரை நிமிடத்தில் முடிவானது. சிக்கல் படிகளில் வந்தது. பழைய படிகளின் விளிம்பு நொறுங்கியிருந்தது, டைல்ஸ் பதிக்காமல் முடியாது. படிக்கு ஒத்துவரும் இரண்டு வகை கொண்டுபோயிருந்தேன். ஒன்று, மெருகேற்றாத சிறு சதுரங்கள். பிஸ்கட் நிறம், தடவினால் சொரசொரவென்றிருக்கும். இன்னொன்று ஆறு அங்குல நீலம். அட்டையைச் சாய்த்தால் அந்த நீலத்துக்குள் இன்னொரு நீலம் நகரும்.

டீச்சர் இரண்டையும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண் வீட்டுப் பக்கமே இருந்தது. உள்ளே கணவரைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எனக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும், பிள்ளை? நீங்களே பாத்து எடுங்கோ. டொக்டர் இவரைத் தண்ணிக்குள்ள நடந்து பழகச் சொல்லியிருக்கிறார். இவர் ஆறுதலா இறங்கோணும். எனக்கு அவ்வளவும்தான் வேணும்."*

* யாழ்ப்பாணத்தார் வீடுகளில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். எங்கள் வீட்டில் அது மனதுக்குச் சொல்லும் சொல். இழவு வீட்டில்தான் அதிகம் கேட்கும். மெதுவாக இறங்க வேண்டியவருக்குச் சொரசொரப்பு. மனம் ஆறி இறங்க வேண்டியவருக்கு நீலம்.

நான் நீலத்துக்கு ஆர்டர் எழுதினேன்.

3

இவ்வளவு எழுதிய பிறகும் அம்பிகைபாகன் கதைக்குள் வர மறுக்கிறார். சக்கர நாற்காலி, மடியில் துவாலை, வழித்த கன்னம். நீதிமன்றத்தில் நாற்பது வருடம் பேசிய வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது: 'ஓம்'. நமது 'ஆமாம்'. பசிக்கிறதா என்றால் ஓம். பசியில்லையா என்றால் ஓம். டீச்சர் அந்த ஓம்களைத் தரம் பிரிக்கப் பழகியிருந்தார்.

ஒரு வரைவில் டைல்ஸை அவரே தேர்ந்தெடுக்கும்படி எழுதினேன். நான் இரண்டையும் அவர் மடியில் வைக்கிறேன். அவருடைய நல்ல கை நகர்ந்து, நீலத்தின் மேல் போய் நிற்கிறது. கண் கலங்குகிறது. நான் ஆர்டர் எழுதுகிறேன்.

நன்றாகத்தான் இருந்தது. என் தோழி ரொஸ்னாவுக்கு மலாயில் சொல்லிக் காட்டினேன், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் உண்மையில் நான் மடியில் இரண்டையும் வைத்தேன். முதலாவதுக்கு ஓம் என்றார், இரண்டாவதுக்கும் ஓம் என்றார். கை டீச்சர் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. பேச முடியாதவரை என் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.

4

அய்யாக்கண்ணு பெட்டியைத் திறந்து நீலத்தைப் பார்த்ததும் ஒருமுறை விசிலடித்தார்.

"என்னா தங்கச்சி, படிக்கா இது? டீச்சரா சொன்னாங்க?"

"ஆமாண்ணே. ஐயா ஆறுதலா எறங்கணும்னாங்க."

"ஆறுதலுக்கு எதுக்குலா டைல்ஸு? கோயிலுக்குப் போவச் சொல்லு."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சொல் அவர் காதிலும் எங்கள் வீட்டுச் சொல்லாகத்தான் விழுந்தது என்பதை வாசகர் குறித்துக்கொள்ளலாம். [குறித்துக்கொள்ளலாம் என்பது வக்கீல் பேச்சு. மாற்ற வேண்டும்.]

படிகளில் நீலம் பதித்த பிறகு, பூச்சு ஒரே நாளில் முடிந்தது. முடிந்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் தழும்பு நிற்கும். ஐந்து பேர் வெறுங்காலோடு விடிகாலையில் இறங்கி, ஒருவர் தேய்த்த இடத்தை அடுத்தவர் தொடர்ந்து தேய்த்து, சாயங்காலம் வெளியே வந்தார்கள். ஈரம் மின்ன, குளம் வெள்ளையாகக் கிடந்தது. மறுநாளே தண்ணீர் நிரப்ப ஓஸைப் போட்டார்கள்.

"நெறையிற வரைக்கும் நிப்பாட்டக்கூடாது டீச்சர். நிப்பாட்டுனீங்க, அந்த எடத்துல கோடு விழுந்துரும். அப்புறம் சாகுற வரைக்கும் போவாது."

டீச்சர் நாற்காலி போட்டு ஓஸுக்குக் காவல் இருந்தார். பக்கத்தில் கணவரும். இரண்டு நாளைக்குப் பிறகு கடைக்குப் போன் செய்தார்.

"பிள்ளை, தண்ணி கீழ்ப்படியைத் தொட்டவுடன இவர் ஓம் எண்டார். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. தானாச் சொன்னார்."

அந்தக் குரலில் இருந்ததை எழுத எனக்கு வரவில்லை. மூன்று தடவை முயன்றேன்.

5

அடுத்த போன் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது.

"விழுந்திட்டார், பிள்ளை. ரெண்டாம் படியில. நான் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்தக் கல்லுக்கு மேல ஏதாவது பூசலாமோ, வழுக்காமல்? சுகமாகி வந்த பிறகு இறங்க வேணுமெல்லோ."

"பாக்குறேன் டீச்சர்," என்றேன். பார்க்கவில்லை. அவர் திரும்ப இறங்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சுக்கு இறங்கியது.

செத்தவீட்டில் ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்து டீச்சர் என்னைக் கூடத்து ஓரத்துக்கு அழைத்தார். குரலில் கோபம் இல்லை. ஒரு மாணவி ஏன் இந்த விடையை எழுதினாள் என்று தெரிந்துகொள்ளும் குரல்.

"ஏன் பிள்ளை அந்த வழுக்கிற கல்லை எடுத்தனீங்கள்? ஆறுதலா இறங்கோணும் எண்டு நான் சொன்னனானெல்லோ?"

"மனசுக்கு ஆறுதலா இருக்கும்னுதான் டீச்சர்..."

அவர் 'ஆறுதலா' என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கை வாயைப் பொத்தியது.

"ஐயோ. உங்கட ஆக்களுக்கு அது வேற கருத்தெல்லோ. மெதுவா எண்டு சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருசம் எத்தினை பிள்ளையளின்ட பிழையைத் திருத்தினன். என்ர வாயைத் திருத்தேல்லை." என் கையைப் பிடித்தார். "நீங்கள் அழாதேங்கோ. பிழை என்னிலதான்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாளில்.

கதை இங்கே முடியலாம். ஒரு மொழி, இரண்டு வீடு, இடையில் விழுந்த ஒரு மனிதர். பத்திரிகைக்கு இது போதும்.

6

போன மாதம் ஆயர் ஈத்தாம் சந்தையில் தவமணி அக்காவைப் பார்த்தேன். டீச்சரின் தங்கை மகள், இப்போது டீச்சரோடு இருப்பவர். கீரைக்கட்டை உதறிக்கொண்டே பேசினார்.

"பெரியம்மாவுக்குக் கண் தெரியாது இப்ப. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில வாற கதையளை நான்தான் வாசிச்சுக் காட்டுறனான். உங்கட பேர் வந்தால் விடமாட்டா. எங்கட டைல்ஸ்காரப் பிள்ளையின்ட கதையாம், ரெண்டு தரம் வாசிக்கோணுமாம்."

"எப்படியிருக்காங்க?"

"என்னத்தைச் சொல்ல. பன்னிரண்டு வருசமா அந்த ஒரு கதைதான். தான் வடிவாச் சொல்லேல்லையாம். அதாலதான் பெரியப்பா போனவராம். சில நாள் சாப்பாட்டையும் தள்ளிவிட்டுட்டு இருப்பா. நீங்கள் கதை எழுதுற ஆள், ஏதாவது எழுதி அவவின்ட மனசை மாத்தக்கூடாதோ?"

எழுதிவிட்டேன், தவமணி அக்கா. இதுவரை சத்தமாகத்தான் வாசித்திருப்பீர்கள். இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தொண்டை காய்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்த பகுதியை முதலில் நீங்கள் மட்டும் மனதுக்குள் வாசியுங்கள்.

மற்ற வாசகர்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

7

முதல் நாள் நான் அட்டைகளை விரிப்பதற்கு முன்பே டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "ஆறுதலாக் குடியுங்கோ பிள்ளை, நல்ல சூடு," என்றார். நான் ஊதி ஊதி, மெதுவாகக் குடித்தேன். அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று அப்போதே எனக்குத் தெரியும். இரண்டாம் பகுதியில் அந்தத் தேத்தண்ணியை நான் எழுதவில்லை.

அய்யாக்கண்ணுவோடு நடந்த பேச்சையும் பாதிதான் எழுதினேன். சிரித்த பிறகு அவர் ஒரு நீல டைலை எடுத்து, தண்ணீர் ஊற்றி, கட்டைவிரலால் தேய்த்தார்.

"லிச்சின்லா, தங்கச்சி. மீன் முதுகு மாதிரி வழுக்குது. ஐயா காலு இதுல நிக்காது. ஒண்ணு செய்வோம், சொவத்தோரத்துக்கு நீலம், படிக்கு மட்டும் அந்தச் சொரசொரப்பு. நான் டீச்சருகிட்ட கேக்கட்டா?"

"வேணாம்ணே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். டீச்சர் சொல்லிட்டாங்க."

சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அடுக்குமாடிக் குளியலறையில் வெறும் சிமெண்டுத் தரை. நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுக்கு அழகைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், ஒருவரும் என்னிடம் 'நீயே எடு' என்று சொன்னதில்லை. டீச்சர்தான் முதன்முதலாகச் சொன்னார். அந்த வீட்டில் நான் எடுத்தது ஒன்று மின்னிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வழுக்கும் என்ற நினைப்பு வந்தது. பிடித்துக்கொள்ள டீச்சர் இருக்கிறார் என்று அதைத் தள்ளிவிட்டேன். பிறகு செத்தவீட்டில் அவரே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

தவமணி அக்கா, ஐந்தாம் பகுதியோடு நிறுத்தினாலும் கதை நிற்கும். அப்படி நிற்கும்படி எழுதியதும் என் தந்திரம்தான். இதையும் வாசித்தால் பிழை டீச்சரை விட்டு இறங்கும். இந்த வயதில் அவர் என்னை வெறுக்கவும் வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பதற்கு அவருக்கு ஒரு டைல்ஸ்காரப் பிள்ளை இருக்கமாட்டாள். எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டுக்கு ஒருமுறை நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது போதும்.

நீங்கள் வாசிப்பை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. டீச்சர் முகத்தை உங்கள் குரல் வந்த பக்கம் திருப்புகிறார்.

"முடிஞ்சுதோ, பிள்ளை?"